ஹாம் ரேடியோ: மலை ஏறினால் எல்லோர் குரலும் எனக்குக் கேட்கிறது, என் குரல் யாருக்கும் கேட்கவில்லை (5 வாட், மோசமான கண்டிஷன்)

பீடோங்_தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் இருக்கிறேன். வீட்டில் ஹாம் ரேடியோவை (பொழுதுபோக்காக உலகெங்கும் உள்ளவர்களோடு பேசும் ரேடியோ) போட்டால் இரைச்சல் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி, யாருடைய சார்ஜரோ, எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸையும் 14ஐயும் அமுக்கிவிடுகின்றன. அதனால் வேலை முடிந்ததும் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கு ஏறிவிடுகிறேன். கீழே முழுக்க செம்பனை, உச்சியில் மட்டும் பழைய பால்மரங்கள் (ரப்பர்) கொஞ்சம் நிற்கின்றன. தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

கையில் இருப்பது யேசு (Yaesu) நிறுவனத்தின் 817 ரேடியோ, 5 வாட். ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, 6 மீட்டர் தூண்டில் கம்பு, அதில் 20 மீட்டர் பேண்டுக்கு (அதாவது 14 மெகாஹெர்ட்ஸுக்கு) ஆண்டெனாவாக வெட்டிய 10 மீட்டர் கம்பி, கடைசியில் அதை ரேடியோவோடு பொருத்த 49:1 டிரான்ஸ்ஃபார்மர். அவ்வளவுதான்.

மேலே போனதும் இரைச்சல் சுத்தமாக அடங்கிவிடுகிறது. ஜப்பான், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, சென்னைப் பக்கத்து ஆட்கள் தமிழில் பேசிக்கொள்வது எல்லாம் தெளிவாக வருகிறது. ஆனால் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வாரம் கே இண்டெக்ஸ் (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் எண்) 5 என்று போட்டிருந்தார்கள், அதனால்தானா? அப்படியென்றால் அந்த மாதிரி நாளில் ஏறுவதே வீணா? குணோங் ஜெராய் மலைக்கே போய்விட்டால் சரியாகுமா, 1200 மீட்டருக்கு மேல் இருக்கிறதே? எனக்கு எஃப்டி8 (கணினி வழியே குறுஞ்செய்தியாக அனுப்பும் முறை) தெரியும், ஆனால் அதில் பேச்சு இல்லை. இங்கிருந்து தமிழ்நாட்டு ஹாம் ஒருவரோடு வாய் திறந்து தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டும், அதுதான் ஆசை.

குலிம்_ரேடியோ:

தம்பி, ஏறுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சிக்கலுக்குக் கே இண்டெக்ஸ் பெரிய காரணம் இல்லை என்பது என் கருத்து.

குன்றில் உங்கள் காது கூர்மையாகிவிட்டது, குரல் அதே 5 வாட்தான். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் 100 வாட் போடுகிறார், நீங்கள் 5. வித்தியாசம் 13 டெசிபல், எஸ் மீட்டரில் (சிக்னலின் பலத்தைக் காட்டும் முள்) இரண்டு எண்ணுக்குக் கொஞ்சம் மேல். அவர் உங்களுக்கு எஸ்7 வந்தால் நீங்கள் அவருக்கு எஸ்5கூட வர மாட்டீர்கள். அவர் ஊருக்குள் உட்கார்ந்திருந்தால் அவர் ரேடியோவில் இரைச்சலே எஸ்6, எஸ்7 நிற்கும். அதற்கு அடியில் நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது, அவர் ஒன்றும் வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. ஆகவே காதில் விழுகிறவரையெல்லாம் கூப்பிடாதீர்கள். எஸ்9க்கு மேல் மீட்டரை அடிக்கிறவர், போட்டி நடக்கும் வார இறுதியில் பெரிய ஆண்டெனா வைத்துக்கொண்டு புதுப் புது கால்சைனுக்காக (ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அழைப்புக் குறி) காத்திருக்கிறவர், உங்களைப் போலவே வெளிக்காட்டில் உட்கார்ந்திருக்கிறவர், இந்த மூன்று வகையைக் குறிவையுங்கள்.

அடுத்தது கண்டிஷன், அதாவது அலை போகும் வானத்தின் நிலைமை. கே இண்டெக்ஸ் 5 என்றால் ஜி1 காந்தப்புயல், ஐந்து படிகளில் மிகச் சிறியது. அதில் முதலில் அடிபடுவது துருவத்தை ஒட்டிப் போகும் பாதைகள்தான். ஐரோப்பாவில், கனடாவில் இருப்பவர்கள் பேண்ட் செத்துவிட்டது என்று எழுதுவதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கிருந்து மேற்கே இந்தியா, தெற்கே ஆஸ்திரேலியா போகும் பாதைகள் அந்த மாதிரி நாளிலும் பல நேரம் வேலை செய்யும். 2024 மே மாதம் வந்த ஜி5 போன்ற பெரும் புயல் வேறு கதை, அது 2003க்குப் பிறகு முதல் தடவையாக வந்தது.

நமக்கு அதிகம் வலிப்பது சூரிய வெடிப்பு. அதைக் கே இண்டெக்ஸோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெடித்த எட்டாவது நிமிடத்திலேயே எக்ஸ் கதிர் வந்து சேர்ந்துவிடும். பகல் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மேலே டி அடுக்கு (வானத்து மின்னூட்ட அடுக்குகளில் கீழே இருப்பது) தடித்துப்போய் அலையை விழுங்கும். நமக்கு நடுப்பகல் என்றால் சூரியன் நேர் தலைக்கு மேல், அடி முழுக்க நம் மேல்தான். 7 மெகாஹெர்ட்ஸ் முதலில் போகும், கடைசியில்தான் திரும்பும். 21, 28 சீக்கிரம் எழுந்துவிடும். திடீரென்று எல்லாம் அமைதியானால் ரேடியோ கெட்டுவிட்டது என்று கழற்றாமல் மேல் பேண்டுக்குப் போய்க் காத்திருங்கள்.

இணையத்தில் போடும் எண்ணைவிட நம்பகமான ஒரு சோதனை இருக்கிறது. 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 ஆகிய அலைவரிசைகளில் உலகம் முழுக்க 18 பீக்கன்கள் (தானாகவே அடையாள ஒலி அனுப்பும் நிலையங்கள்) முறை வைத்து ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. கால்சைனை மோர்ஸில் அடித்துவிட்டு நாலு நீளக் கோடு போடும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அப்புறம் 1, கடைசி 0.1 வாட். அந்த வரிசையில் கொழும்பும் ஒன்று. பீடோங்கிலிருந்து கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம், 2300 கிலோமீட்டர் சொச்சம். கொழும்பின் இரண்டாவது கோடு, அந்த 10 வாட் கோடு, உங்கள் காதில் சுத்தமாக விழுந்தால் உங்கள் 5 வாட்டுக்கும் அந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது என்று பொருள். முதல் கோடு மட்டும் முனகினால் பேண்டை மாற்றுங்கள்.

ஜெராய் உச்சியைப் பற்றி: அங்கே ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் சின்ன ரேடியோவைத் திறந்தால் அதன் காது அடைத்துப்போகும். விஎச்எஃப்புக்கு (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், நேர்கோட்டில் போகும் அலை) உயரம்தான் எல்லாம், 1200 மீட்டரிலிருந்து ரேடியோ தொடுவானம் 140 கிலோமீட்டர் தாண்டும். எச்எஃப்புக்கு (30க்குக் கீழே, நீங்கள் பேசும் அலை) உயரத்தைவிடச் சரிவுதான் முக்கியம். சென்னைக்கு வான அடுக்கில் பட்டுத் திரும்பி ஒரே தாவலில் போக அலை தொடுவானத்திலிருந்து சுமார் 10 பாகை கோணத்தில் கிளம்ப வேண்டும். சமதரையில் 5 மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டிய கம்பி சக்தியில் பெரும்பகுதியை வானத்தைப் பார்த்து விடும். அதே கம்பியை மேற்குச் சரிவின் விளிம்பில் கட்டினால் முன்னால் தரை கீழே இறங்கிப் போவதால் தாழ்ந்த கோணத்தில் கூடுதலாகப் போகும். உங்கள் குன்றின் நடு உச்சியை விட்டுவிட்டு மேற்கு விளிம்புக்கு வாருங்கள்.

பீடோங்_தோட்டம்:

அண்ணே, இத்தனை நாள் நடு உச்சியில், ஒரு பால்மரத்தடியில்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மேற்கு விளிம்பிலிருந்து கடல் வரை திறந்துதான் இருக்கிறது. பீக்கன் விஷயம் கேள்விப்பட்டதே இல்லை, மோர்ஸும் அரைகுறைதான். கோடுகளை மட்டும் எண்ணினால் போதும் அல்லவா? நான் போவது மாலை 5 மணிக்கு மேல். அந்த நேரம் சரியா?

தைப்பிங்_மழை:

நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தைப்பிங்காரனுக்கு மழையும் இடியும் பழக்கம்.

மாலை 5 மணி வேண்டாம். முக்கியமாக ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்தப் பருவமாற்ற மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்குவது வாடிக்கை. நீங்கள் குன்றின் உச்சியில், மரத்தடியில், ஒரு கம்பை நட்டுக்கொண்டு, அதில் கட்டிய கம்பியைக் கையில் இருக்கும் ரேடியோவோடு இணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைவிட ஆபத்தான இடம் தோட்டத்தில் கிடையாது. மின்னலைப் பார்த்து இடி கேட்க 30 விநாடிக்குள் ஆனால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை மேலே திரும்பாதீர்கள். ரேடியோவே முன்கூட்டிச் சொல்லும். 7 மெகாஹெர்ட்ஸில் சடசடப்பு எப்போதும் இருக்கும், சுமத்ரா பக்கத்து இடிகூட அதில் வரும். அந்தச் சடசடப்பு 14இலும் 21இலும் ஓங்கிக் கேட்க ஆரம்பித்தால் மேகம் கிட்டத்தில் இருக்கிறது. முதலில் கம்பியைக் கழற்றுங்கள், மூட்டை கட்டுவது பிறகு.

அந்தத் தூண்டில் கம்பு என்ன ரகம்? மீன்பிடிச் சாமான் கடையில் கிடைப்பதில் நிறைய கார்பன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியை அதை ஒட்டியே இழுத்துக் கட்டினால் ட்யூனிங் கெடும், உங்கள் 5 வாட்டில் பாதி அங்கேயே போகலாம். ஃபைபர் கிளாஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

இருட்டிய பிறகும் ஒரு தொல்லை இருக்கிறது. நம் பகுதியில் சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் எஃப் அடுக்கு (அலையைத் திருப்பி அனுப்பும் மேல் அடுக்கு) குமிழி குமிழியாகக் குலைந்துபோகும், மார்ச், செப்டம்பர் ஒட்டி அதிகம். குரல் படபடவென்று நடுங்கும், எஸ்எஸ்பியில் (நாம் குரலில் பேசும் முறை) ஒரு வார்த்தை பிடிபடாது. மெதுவாக அடிக்கும் மோர்ஸ் அதில் தப்பும். அதனால் காலை ஏறுங்கள். பசியாறிவிட்டு 8 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குக் கம்பி மேலே, 12க்குள் கீழே. மழை பெய்த மறுநாள் என்றால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வேறு குன்றுகளுக்குப் போவதாக இருந்தால் அது வனக் காப்பகமா என்று பாருங்கள். காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி வாங்கித்தான் ஏற வேண்டும்.

அடையாறு_ஆண்டெனா:

நான் அந்தப் பக்கத்து ஆள், சென்னை. நீங்கள் கூப்பிட்டுப் பதில் வராத வீடுகளில் என் வீடும் ஒன்றாக இருந்திருக்கலாம், அதனால் இங்கே என்ன நிலைமை என்று சொல்லிவிடுகிறேன்.

அடுக்குமாடி மொட்டை மாடியில் ஆண்டெனா. சுற்றிலும் இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார், தெருவெல்லாம் எல்இடி. 14 மெகாஹெர்ட்ஸில் நல்ல நாளிலேயே இரைச்சல் எஸ்7க்குக் குறைவதில்லை. 100 வாட் போடும் உள்ளூர் நண்பர்கள் ஓங்கி வருவதால் எங்கள் அரட்டை நடக்கிறது. அந்த நேரத்தில் கடல் தாண்டி 5 வாட்டில் ஒருவர் அழைத்தால் சத்தியமாக எங்களுக்குத் தெரியாது. 21இல் எனக்கு இரைச்சல் பாதியாகக் குறைகிறது, 28இல் இன்னும் குறைவு. அதனால் 14ஐயே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் தம்பி. 21க்கு அரை அலை நீளக் கம்பி 7 மீட்டர் சொச்சம்தான், உங்கள் கம்புக்கும் அது வசதி. ஃபைபர் கம்பில் செங்குத்தாகவே தூக்கிவிடலாம், மிச்சம் கொஞ்சம் கீழே சாய்ந்தால் பரவாயில்லை. செங்குத்துக் கம்பி தாழ்ந்த கோணத்துக்கு நல்லது.

கூப்பிடும் முறையையும் மாற்றிப் பாருங்கள். அரட்டைக்கு நடுவில் நீளமாகப் பேசாமல், ஒருவர் முடித்து மூச்சு விடும் இடைவெளியில் கால்சைனை மட்டும், எழுத்து எழுத்தாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "நைன் விஸ்கி டூ" (9W2) என்று தொடங்கினாலே மலேசியா என்று காது நிமிரும். முழுக் கால்சைனும் விழாவிட்டாலும் "நைன் விஸ்கி, திரும்பச் சொல்லுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அப்புறம் மற்றவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விடுவார்கள், இங்கே அது நல்ல பழக்கம்.

எஃப்டி8 பேச்சு இல்லை என்பது சரிதான், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். பேச்சு முழுகிப்போகும் இரைச்சலுக்கு 20 டெசிபல் அடியில் இருப்பதையும் அது படித்துவிடும். குன்றில் அதை ஐந்து நிமிடம் போட்டுவிட்டு, உங்களை யார் யார் எவ்வளவு பலமாகக் கேட்டார்கள் என்று ஃபோனில் வரைபடத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவில் உங்கள் சிக்னல் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கு மேலோ காட்டினால் அப்போதே மைக்கை எடுக்கலாம். மைனஸ் 18 என்று காட்டினால் எஸ்எஸ்பியில் தொண்டை வலிதான் மிச்சம். கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். மேலே இணையம் கிடைக்காவிட்டால் ஜிபிஎஸ்ஸில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அடிக்கடி ஏலகிரிக்குப் போகிறேன். 1100 மீட்டர் உயரம், அங்கே இரைச்சல் எஸ்1கூட வராது. இரண்டு பக்கமும் அமைதியான மலை என்றால் 5 வாட்டே தாராளம். நீங்கள் நாள் சொன்னால் வருகிறேன்.

பீடோங்_தோட்டம்:

ஐயா, கண்டிப்பாக! வரும் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. கம்பைப் பார்த்தேன், கார்பன்தான், சுங்கை பட்டாணியில் ஃபைபர் கிளாஸ் தேடுகிறேன். 21க்குக் கம்பி இன்றிரவே வெட்டிவிடுவேன். இங்கே காலை 10 மணி என்றால் உங்களுக்கு 7.30, தோதுப்படுமா?

அடையாறு_ஆண்டெனா:

தோதுதான். வெள்ளி இரவே மலைக்குப் போய்விடுவேன். 21.285ஐ ஒட்டி, யாராவது பேசிக்கொண்டிருந்தால் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளி. ஒற்றைப்படை நிமிடத்தில் நீங்கள் கூப்பிடுங்கள், இரட்டைப்படையில் நான். உங்கள் நேரம் 10.20 வரை ஒன்றும் இல்லையென்றால் இருவரும் 14.285க்கு இறங்குவோம்.

குலிம்_ரேடியோ:

தம்பி, 9.30க்கே ஏறி 21.150இல் கொழும்பைக் கேளுங்கள், எத்தனை கோடு வந்தது என்று இங்கே போடுங்கள். நானும் குலிமிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும் வரை மைக்கைத் தொட மாட்டேன்.

தைப்பிங்_மழை:

வெள்ளிக்கிழமை இரவு வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். காலையிலேயே மேகம் கட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள், ஏலகிரி ஐயாவும் அதற்குத் தயாராக இருக்கட்டும்.