பூட்டு இல்லாத பழைய பாணி மடக்குக் கத்தி: தினமும் பையில் வைத்துக்கொள்ள எதைத் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர்: காகிதக்கப்பல்

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக, ஒரு கையால் திறந்ததும் தானே பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கனமாக இருக்கிறது. சட்டைப் பையில் வைத்தால் பை தொங்குகிறது. அலுவலகத்தில் ஒரு பார்சலைப் பிரிக்க அதை எடுத்துச் சடாரென்று திறந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். உண்மையில் என் தேவை மிகவும் சிறியது. உறை கிழிப்பது, கயிறு அறுப்பது, பென்சில் சீவுவது, மதிய வேளையில் ஒரு பழத்தை நறுக்குவது, இவ்வளவுதான்.

ஆகவே ஸ்பிரிங் மட்டும் உள்ள, பூட்டு இல்லாத பழைய பாணிக் கத்திக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். பூட்டு இல்லாவிட்டால் வெட்டும்போது விரல்மேல் மடங்கிவிடாதா என்பதே என் முதல் அச்சம். அலகு ஒன்று போதுமா அல்லது இரண்டு மூன்று வேண்டுமா, கார்பன் எஃகு நல்லதா துருப்பிடிக்காத எஃகு நல்லதா என்பதிலும் தெளிவில்லை. நெடுநாள் பயன்படுத்தியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சாணைக்கல்

நண்பரே, உங்கள் முதல் அச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றவை எளிது.

இவ்வகைக் கத்தியின் முதுகில் நீளமான பட்டை ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கைப்பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பாகம் ஓரங்கள் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அலகு முழுதாகத் திறந்ததும் ஸ்பிரிங்கின் நுனி அந்தத் தட்டையான ஓரத்தின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறது; மறுபடி மடக்க வேண்டுமானால் அந்த ஸ்பிரிங்கை உயர்த்தும் அளவுக்கு அலகைத் தள்ள வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எதையாவது அறுக்கும்போது எழும் எதிர்விசை அலகை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது. கூர்ப்பக்கத்தில் விழும் அழுத்தம் அலகை மேலும் திறக்கவே பார்க்கிறது. அதற்கு மேல் திறக்க இடமில்லாததால் அலகு அசையாமல் நிற்கிறது. எனவே முறையாக வெட்டும்வரை, வெட்டும் செயலே கத்தியைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது.

ஆபத்து வருவது வேறு வகை வேலைகளில். முனையால் குத்துவது, துளையிடத் திருகுவது, மூடியை நெம்புவது, ஆழமாகச் சிக்கிய அலகை ஆட்டி ஆட்டி வெளியே இழுப்பது ஆகியவற்றில் அழுத்தம் அலகின் முதுகுப் பக்கம் விழுந்துவிடும். எனக்கு நேர்ந்ததும் அப்படித்தான். தோல் வாரில் கூடுதலாக ஒரு துளை போட வேண்டி முனையை அழுத்தித் திருகினேன். தோல் சட்டென்று விட்டுக்கொடுத்தது. அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இறங்கியது. அந்தத் தழும்பு இன்றும் விரலை மடக்கும்போது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தவறு கத்தியுடையது அன்று. குத்தூசி செய்ய வேண்டிய வேலையை அதனிடம் கொடுத்தேன்.

வாங்கும்போது பாதிவழியில் நிற்கும் அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். அலகின் அடிப்பாகம் சதுரமாக இருந்தால், மடக்கும்போது அலகு செங்கோணத்தில் ஒருமுறை நின்று, பிறகே உள்ளே போகும். அந்த ஒரு கண நிறுத்தத்தில் விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். பழகியவர்களுக்கு இது தேவையில்லை என்பார்கள். புதிதாக மாறுபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு தரமானது என்று எண்ணிவிட வேண்டாம். அலகைத் திறப்பதற்காக அதன் பக்கத்தில் செதுக்கியிருக்கும் நகக்குழியில் கட்டை விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் வளைகிறது என்றால் அந்தக் கத்தியைத் தினமும் திறக்க மாட்டீர்கள்; மெல்ல அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். மிகத் தளர்வாக இருந்தாலும் ஆகாது. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளி ஊடுருவக் கூடாது. முதுகை விரலால் தடவினால் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் மேடு பள்ளம் தட்டுப்படாமல் இருப்பது நல்ல கைவேலையின் அடையாளம்.

பதில்: நடைவழி

மேலே ஐயா சொன்னது அனைத்தையும் ஏற்கிறேன். அலகின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

மூன்று அலகுகள் கொண்ட ஸ்டாக்மேன் வகை கால்நடை வளர்ப்போரின் தேவைக்காக உருவானது. நுனி சரிந்த நீண்ட அலகு பொது வேலைக்கும், நேரான கூர்விளிம்புடைய ‘ஆட்டுக்குளம்பு’ அலகு அளந்து அறுப்பதற்கும், முனை மழுங்கிய மூன்றாவது அலகு கால்நடைக்குக் காயடிப்பதற்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நம்முடைய பேனாக்கத்தி என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. இறகுப் பேனாவின் நுனியைச் சீவிய சிறு அலகுதான் அந்தப் பெயரைத் தந்தது. நீங்கள் குறிப்பிட்ட வேலைகளுக்கு ஆறு முதல் ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றை அலகு தாராளமாகப் போதும். அலகுகள் கூடக் கூடக் கைப்பிடி தடிக்கும், இடுக்குகளில் தூசி சேரும். இரண்டுதான் வேண்டுமென்றால் ஒன்றைப் பழத்துக்கும் மற்றொன்றை அட்டைப் பெட்டிக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப்பின் பசை அலகில் படிந்தால் எளிதில் போகாது. அதே அலகால் ஆப்பிள் நறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. தோற்றம் பழையதாக இருப்பதால் அது பூட்டு இல்லாத கத்தி என்று முடிவு செய்துவிடாதீர்கள். பிரான்சின் ஒபினெல் கத்தியைப் பலரும் இந்த வகையிலேயே சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் ஆறாம் எண்ணிலிருந்து அதற்குச் சுழலும் பூட்டு வளையம் உண்டு. அந்த வளையம் 1955 இல் வந்தது. ஐந்தாம் எண் வரையுள்ள சிறியவற்றில்தான் வளையம் இல்லை. ஜப்பானின் ஹிகோனோகாமியில் பூட்டும் இல்லை, முதுகு ஸ்பிரிங்கும் இல்லை. அலகின் பின்னே நீண்டிருக்கும் சிறு நெம்புகோலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் முதல் கத்தியாக அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த வேறுபாடு சட்டத்திலும் வருகிறது. எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் 1988 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கூர்விளிம்புள்ள மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க விலக்கு அளிக்கிறது. ஆனால் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த விலக்குக்குள் வராது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. நீங்கள் வசிக்கும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். விமானப் பயணமென்றால் கைப்பையில் வேண்டாம்.

பதில்: எண்ணெய்த்துணி

எஃகைப் பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கார்பன் எஃகு எளிதாகத் தீட்ட வரும், அதன் கூரும் நயமாக இருக்கும்; பழைய கத்திகளின் அழகே அதில்தான் என்று நம்புகிறவள் நான். எலுமிச்சையோ ஆப்பிளோ நறுக்கிய முதல் நாளிலேயே அலகில் நீலமும் சாம்பலும் கலந்த கறை படரும். அது துரு அன்று. அதைச் சுரண்டிப் போக்க வேண்டியதில்லை. செந்நிறமாகத் தொட்டால் ஒட்டிக்கொள்வதுதான் துரு, அதை உடனே நீக்க வேண்டும். கார்பன் அலகால் நறுக்கிய பழத்தில் லேசான இரும்புச் சுவை ஏறுவதும் உண்டு.

வியர்வை படும் பையிலேயே நாள் முழுவதும் இருக்கப்போகிறது, பயன்படுத்தியவுடன் துடைப்பதற்கு எப்போதும் நேரம் கிடைக்காது என்றால் துருப்பிடிக்காத எஃகையே எடுங்கள். சுவிஸ் கத்திகளில் இருப்பது போன்ற மென்மையான துருப்பிடிக்காத எஃகு சற்று விரைவில் மழுங்கும். ஆனால் ஆயிரம் எண் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்) சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தீட்டினாலே பழைய கூர் திரும்பிவிடும். எதுவாயினும் பையின் நூல் துகள் ஸ்பிரிங் இடுக்கில் போய்ச் சேரும். மாதம் ஒருமுறை வெந்நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உணவு நறுக்குவதால் உண்ணத்தக்க மினரல் ஆயில் நல்லது.

கேட்டவர்: காகிதக்கப்பல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மூன்று கத்திகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதலாவதைத் திறக்க இரண்டு முறை நகம் வழுக்கியது. இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்தபோது முதுகில் மயிரிழை அளவுக்கு ஒளி தெரிந்தது. முன்பானால் அதைக் கவனித்தே இருக்க மாட்டேன். மூன்றாவது, ஆறரை சென்டிமீட்டர் ஒற்றை அலகு, துருப்பிடிக்காத எஃகு, பாதிவழியில் நிற்கிறது. அதையே வாங்கினேன். ஒரே ஒரு ஐயம்: திறந்து மூடும்போது உள்ளே சற்றுக் கரகரப்பாக இருக்கிறது. இது குறையா?

பதில்: சாணைக்கல்

குறையன்று, நண்பரே. பட்டறையில் மெருகிடும்போது உள்ளே தங்கிய பொடிதான் அது. அச்சாணியில் எண்ணெயைச் சற்றுத் தாராளமாக விட்டு, இருபது முப்பது முறை மெதுவாகத் திறந்து மூடுங்கள். மூடும்போது உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுங்கள், விரல் நுனிகள் கைப்பிடியின் பக்கவாட்டிலேயே இருக்கட்டும். இடுக்கிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசியும்; அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். துணியில் கறுப்பு ஒட்டாமல் எண்ணெய் தெளிவாக வரும்வரை இப்படியே செய்தால், கரகரப்பு போய்விடும்.