காட்டை விட்டு வர மறுக்கும் ஆள்: எங்கள் படத்துக்கு யோசனை சொல்லுங்கள்

மஸ்கெலியா தம்பி:
இலங்கை மலையகத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சாகசப் படம் எடுக்கிறோம். கையில் இருப்பது ஒரு கேமரா, ஒரு வாடகை வேன், அவ்வளவுதான். தேயிலைத் தோட்ட வேலையை விட்டுக் காட்டோரம் குடிசை போட்டுத் தனியாக இருக்கிறார் ஒருவர். காணாமல்போன பள்ளிக்கூடப் பையனைத் தேடித் தரச்சொல்லி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் கூப்பிடுகிறார்கள், வரமாட்டேன் என்கிறார். கதையைப் படித்தவர்களுக்கு அவர் சோம்பேறியாகத்தான் தெரிகிறார். என்ன செய்யலாம்? அப்புறம், ஜூலையில் எடுக்கலாமா?

ஊவாக் காற்று:
ஜூலையில் உங்கள் பக்கம் வேண்டாம், தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் வாருங்கள், அப்போது இங்கே மழை குறைவு. காற்றுதான் பலம், மைக்குக்கு உறை முக்கியம். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) கேட்டுத் தோட்டத்து யூகலிப்டஸ் காட்டிலேயே எடுங்கள்.

பொகவந்தலாவை அண்ணன்:
தம்பி, அவர் மறுப்பதற்கு ஒரு காரணம் கொடுங்கள். மரக்கறிப் பாத்திக்குள் காட்டுப்பன்றி இறங்குகிறதென்று நம் ஆட்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள், அதில் சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. உயிரோடு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உங்கள் ஆளும் ஒருகாலத்தில் சுருக்கு வைத்தவராக இருக்கட்டும். தான் வைத்ததில் ஒரு சிறுத்தை செத்ததைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு காட்டில் கம்பி கண்ட இடமெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வருகிறார். லயத்து ஆட்கள் வாசலில் கெஞ்சும்போது அவர் வாயே திறக்க வேண்டாம். அன்றைக்கு அவிழ்த்த கம்பியின் துருவைத் துணியால் துடைத்து, வளையமாகச் சுற்றி, கூரை இறவாணத்து ஆணியில் மாட்டட்டும். பக்கத்தில் அதேபோல ஏகப்பட்ட வளையங்கள் தொங்கட்டும். சுருக்கு வைத்தவர்களே கூப்பிட வந்திருக்கிறார்கள் என்றால் எவர் போவார்? பையன் போன வழியிலும் சுருக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழும்ப வேண்டும். சிறுத்தையைக் காட்டவே வேண்டாம், சேற்றில் ஒரு கால்தடம் போதும்.

நடிக்க, மாசியில் காமன் கூத்து ஆடுகிற பெரியவர்களைக் கேளுங்கள். விடிய விடிய ஆடிப் பழகியவர்கள், வசனமில்லாத காட்சியையும் முகத்தாலேயே கொண்டுபோவார்கள்.

மஸ்கெலியா தம்பி:
அண்ணே, இதுதான் வேண்டும்! பையன் காலில் சுருக்கு விழுவதை எப்படி எடுப்பது?

பொகவந்தலாவை அண்ணன்:
நிஜக் கம்பி வேண்டவே வேண்டாம். சணல் கயிற்றுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, இறுகாத முடிச்சாகப் போடுங்கள்.