மியூட்: ‘ஒலியடக்கு’ ஏன் பொருந்தாது?

வணக்கம் ஐயா,

காணொலிக் கூட்டத்தில் வரும் ‘மியூட்’ பொத்தானுக்கு நீங்கள் சொன்ன ‘ஒலியடக்கு’ டிவி ரிமோட்டுக்குச் சரி. அங்கே அடங்குவது நம் காதில் விழும் ஒலி. காணொலிக் கூட்டத்தில் நிற்பதோ நம் குரல். மற்றவர் பேச்சு கேட்டுக்கொண்டேதான் இருக்கும். நம் அலுவலகத்தின் மேலூர், உசிலம்பட்டிக் கிளைகளில் புதிதாகச் சேர்பவர் அந்தச் சொல்லைப் பார்த்தால், அழுத்தினால் மேலாளர் பேசுவது கேட்காதோ என்று தொடவே மாட்டார். அவர் மேசை ஃபேனும் தெருவில் போகிற பஸ் ஹாரனும் மதுரைவரை கேட்கும்.

ஒரே அறையில் இரண்டு போன்கள் சேர்ந்தால் இன்னும் சிக்கல். ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை மற்றதன் மைக் வாங்கித் திருப்பி அனுப்ப, எதிரொலி ஏறி ஏறிக் கீச்சென்று கத்தும். அப்போது ஒரு போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையுமே நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் ‘ஒலியடக்கு’ என்றே சொன்னால் எதை நிறுத்துவார்?

என் முன்மொழிவு: ‘மைக்கை அடை’, ‘மைக்கைத் திற’. குழாய்க்குச் சொல்கிற அதே சொற்கள். ‘ஒலிவாங்கி’ நல்ல சொல்தான். ஆனால் சின்னத் திரையில் இடம் போதாமல் ‘ஒலி…’ என்று வெட்டுப்பட்டால் ஒலிபெருக்கியும் அப்படியே தெரியும்.

‘ஐ’ உருபை விட்டுவிடக் கூடாது. ஜூமில் மைக் மூடியிருக்கும்போது பொத்தானில் உள்ள மைக் படத்தில் குறுக்குக்கோடு இருக்கும், கீழே ‘அன்மியூட்’ என்றிருக்கும். படம் சொல்வது இப்போதைய நிலை. எழுத்து சொல்வது அழுத்தினால் நடக்கப்போவது. வெறும் ‘மைக் திறப்பு’ என்று போட்டால் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருப்பார், ஒருவருக்கும் கேட்காது. ‘மைக்கைத் திற’ என்றால் ஏவல் என்பதில் சந்தேகமில்லை. நிலையைச் சொல்ல ‘மைக் அடைத்திருக்கிறது’.

—

வணக்கம் அம்மா,

உங்கள் ‘அடை’, ‘திற’ இரண்டையும் ஏற்கிறேன். ‘ஒலியடக்கு’ ஸ்பீக்கருக்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு பொத்தான்களுக்குச் சொல் வேண்டும். ஜூமில் ‘ஜாயின் ஆடியோ’வைத் தொடாதவருக்குக் கேட்கவும் செய்யாது, பேசவும் முடியாது. இது மைக் அடைத்த நிலை அல்ல. ‘ஒலியில் சேர்’ என்று தனியாக வைக்கலாம். அடுத்தது, கூட்டம் நடத்துபவர் அழுத்துவது. அவர் பிறர் மைக்கை அடைக்கலாம். திறக்க, வழக்கமாக அந்த ஆள் சம்மதிக்க வேண்டும். ஆகவே அங்கே ‘மைக்கைத் திற’ பிழை, ‘திறக்கக் கேள்’ என்பதே சரி. இந்த வேறுபாடு தெரிந்தால், தன் அறைப் பேச்சை யாரோ திறந்து கேட்டுவிடுவார்களோ என்று தயங்கும் ஊழியரும் துணிந்து கூட்டத்துக்கு வருவார்.