ஜெர்மனியில் தலைப்பிரசவம்: மருத்துவச்சியும் ஊரிலிருந்து வரும் அம்மாவும்

கேள்வி (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறோம். மனைவிக்கு இப்போது பதினெட்டாவது வாரம். கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் பதியும் முட்டர்பாஸ் குறிப்பேட்டில் எல்லாம் நல்லபடியாகவே பதிவாகி வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மருத்துவர், "ஹெபாமே (மருத்துவச்சி) கிடைத்துவிட்டாரா?" என்று கேட்கிறார், அவ்வளவு அவசரமா என்று எங்களுக்குப் புரியவில்லை. பிரசவமான மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். மதுரையிலிருந்து என் மாமியார் வர இருக்கிறார்; விசாவோ 90 நாட்களுக்குத்தான் கிடைக்கும். அவரை எப்போது வரவழைப்பது, குழந்தைக்கு என்னென்ன ஏற்பாடுகளைச் செய்து வைப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (பிராங்க்பர்ட், இரு குழந்தைகளின் தாய்)

தம்பி, மற்ற எதையும் தள்ளிப்போடலாம், ஹெபாமேயைத் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பாட்டிமார் காலத்து மருத்துவச்சியேதான் அவர். முறையாகப் படித்துத் தேர்ந்தவர். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்கள் தேவைப்பட்டால் தினமும், அதன் பிறகு பன்னிரண்டு வாரம் வரை அவ்வப்போதும் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். அரசுக் காப்பீடு இருந்தால் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் பெருநகரங்களில் இவர்களுக்குத் தட்டுப்பாடு அதிகம். நான் இருபதாவது வாரத்தில் தேடத் தொடங்கியபோது பதினோரு பேர் இடமில்லை என்று சொன்ன பிறகுதான் ஒருவர் கிடைத்தார்.

அவர் வரவில்லை என்றால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. நான்காம் நாள் காலையில் மகளைச் சன்னலோரம் தூக்கிச் சென்று, மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு நெஞ்சு, அதன் பிறகு தொடை. தொடையிலும் மஞ்சள் தெரிந்ததும், "இன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்றார். பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்ததை, சமர்த்தான குழந்தை என்று நானும் அம்மாவும் மகிழ்ந்துகொண்டிருந்தோம். ஆனால் அது மஞ்சள் காமாலை. மருத்துவமனையில் இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்து அனுப்பினார்கள்.

உங்கள் மாமியாரைப் பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக வரவழையுங்கள். ஒரு மாதம் முன்பே வந்துவிட்டால், அவர் கை மிகவும் தேவைப்படும் மூன்றாம் மாதத்தில் விசா முடிந்துவிடும். அவருக்கான பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பதில் 2 (கொலோன், குழந்தைகள் பிரிவுச் செவிலியர்)

மேலே சகோதரி சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். பிறந்தவுடன் ஒரு மஞ்சள் குறிப்பேடு தருவார்கள். குழந்தைக்கான பரிசோதனைகள் "ஊ1", "ஊ2" என்று அதில் வரிசையாகப் பதிவாகும். முதல் இரண்டும் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் வரும் "ஊ3"க்குக் குழந்தை மருத்துவர் தேவை. அவரையும் இப்போதே பேசி வையுங்கள். ஊரில் ஊசியாகப் போடும் வைட்டமின் கே, இங்கே இந்த மூன்று பரிசோதனைகளின்போதும் சொட்டு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போடவில்லையே என்று ஊரில் பதறுவார்கள். ஜெர்மனியில் 1998 முதல் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தையுடன் இந்தியாவில் நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்றை உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தொட்டு வைப்பது மட்டும் கூடாது. போட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலால் அவற்றைத் தாங்க முடியாது. சேனை வைக்கும் ஆசை அவருக்கு இருந்தால், தாய்ப்பாலையே ஒரு சொட்டுத் தொட்டு வைக்கட்டும். என் அம்மா அப்படித்தான் செய்தார், மனநிறைவோடு.

நள்ளிரவில் ஐயம் வந்தால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் மாமியாரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

பதில் 3 (மூனிக்)

ஆவணங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்ததால், மகனின் பிறப்புச் சான்றிதழ் பல வாரங்கள் இழுத்தது. அது வராமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் மற்றவையும் நகரவில்லை. உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் திருமணச் சான்றிதழையும் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இப்போதே ஜெர்மன் மொழியில் மாற்றி வாங்கிவிடுங்கள். பெயர் எப்படி எழுதப்படும் என்பதையும் பதிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை இந்தியக் குடியுரிமை பெறுவதாக இருந்தால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். இங்கே தங்கும் அனுமதிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே ஒன்பது மருத்துவச்சிகளுக்கு எழுதினோம். ஒருவர் புதன்கிழமை பேசுவதாகப் பதில் அனுப்பியிருக்கிறார். தேனைப் பற்றி மாமியாரிடம் மனைவியே சொல்லிவிட்டார். "அப்படியானால் வேண்டாம், ஆனால் சேனையை நான்தான் வைப்பேன்" என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.