செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகு திணித்த ஒரு கோல்ஃப் பந்து: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னொரு நாள் இருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் வாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊருக்குள் ரயில் கிடையாது, லூக்கர்ஸ் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அங்கே ஓல்டு கோர்ஸ் என்கிற பழைய கோல்ஃப் மைதானத்தின் முதல் குழிக்கு ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்குப் பின்புறம், கடலை ஒட்டி, கோல்ஃப் வரலாற்றுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1990-ல் பிரிட்டிஷ் கோல்ஃப் அருங்காட்சியகம் என்று திறந்தார்கள். 2021-லிருந்து, ஆர் அண்ட் ஏ என்கிற கோல்ஃப் அமைப்பின் பெயரோடு, ஆர் அண்ட் ஏ உலக கோல்ஃப் அருங்காட்சியகம்.

நான் கோல்ஃப் ஆடுகிறவன் இல்லை. மச்சான் அந்த ஊரில் படிக்கிறான், அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே போனதும் முதலில் பிடித்துப்போனது அரசர்களின் கதை. 1457-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்திருக்கிறது, ஆட்கள் வில் பழகாமல் இதிலேயே கிடக்கிறார்கள் என்று. அப்புறம் 1502-ல் அரசர் நான்காம் ஜேம்ஸே பெர்த் ஊரில் வில் செய்கிறவரிடம் காசு கொடுத்து கோல்ஃப் மட்டை வாங்கியிருக்கிறார். மரத்தை வளைக்கவும் செதுக்கவும் தெரிந்த கை, வில்லும் செய்யும் மட்டையும் செய்யும், இல்லையா?

ஆனால் என்னை நிற்க வைத்தது பந்துதான். இறகுப் பந்து என்றால் பேட்மின்டன் பந்து இல்லை, தோலுக்குள் இறகு திணித்த பழைய கோல்ஃப் பந்து. நம் கோழிமுட்டையைவிடச் சின்னது, தோல் கறுத்து, தையல் தடம் மட்டும் லேசாகத் தெரிகிறது. தோலை வெட்டித் தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, சின்ன ஓட்டை விட்டுவிடுவார்களாம். அந்த ஓட்டை வழியாக, வேகவைத்த வாத்து இறகை ஈரத்தோடு இரும்புக் கம்பியால் திணிக்க வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு உயரத் தொப்பி நிறைய இறகு! கை பலம் போதாது என்று கம்பியின் கட்டையை நெஞ்சில் வைத்து அழுத்துவார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும், பந்து கல் மாதிரி ஆகிவிடும். நல்ல கைத்தொழிலாளிக்கே ஒரு நாளைக்கு மூன்று நான்குதான் வரும், அதனால் மட்டையைவிடப் பந்துக்கு விலை அதிகம். மழையில் நனைந்தால் வீணாகிவிடும், இரும்பு மட்டை தவறிப் பட்டால் கிழிந்துவிடும். பணக்காரர்களின் ஆட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தத் தையலைப் பார்த்த பிறகு, இதைச் செய்தவனின் நெஞ்சு எவ்வளவு வலித்திருக்கும் என்றுதான் தோன்றியது.

1848 வாக்கில் மலாயாக் காட்டு மரத்துப் பாலில் செய்த குட்டா பெர்ச்சா பந்து வந்தது. வெந்நீரில் போட்டால் இளகும், உருட்டிவிடலாம், அடிபட்டு உருமாறினால் மறுபடி இளக்கிச் சரிசெய்யலாம், விலையும் மலிவு. இறகுப் பந்து செய்வதில் பேர்போன ஆலன் ராபர்ட்சன் இதைப் பரம எதிரியாகப் பார்த்தார். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் ஒரு நாள் புதுப் பந்தை வைத்து ஆடியது அவர் கண்ணில் பட்டு, அத்தோடு இருவரும் பிரிந்தார்கள். டாம் பிழைப்பு தேடி 1851-ல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற பிரெஸ்ட்விக் ஊருக்குப் போனார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதுசாக வழவழவென்று இருந்த குட்டா பந்து சரியாகப் பறக்கவில்லை, அடிபட்டுக் கீறல் விழுந்ததுதான் நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்துத்தான் வேண்டுமென்றே சுத்தியலால் தட்டித் தழும்பு போட ஆரம்பித்தார்கள். இன்றைய பந்தில் இருக்கும் குழிகளின் ஆதி அதுதான்.

*

இந்தப் பந்து செய்கிறவர்கள் விஷயத்தை எழுதியதற்கு ரொம்ப நன்றி. என் அப்பா ஊட்டியில் கேடியாக, அதாவது கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிப் போகிறவராக இருந்தவர், பதினோரு வயதில் பை தூக்க ஆரம்பித்தவர். நான் போன வருடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் போனபோது அவர் நினைப்போடுதான் சுற்றினேன். 1860-ல் பிரெஸ்ட்விக்கில் நடந்த முதல் ஓப்பன் போட்டியில் (பிரிட்டிஷ் ஓப்பன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டி) ஆடியவர்கள் மொத்தம் எட்டே பேர், எல்லோரும் கோல்ஃபை நம்பிப் பிழைத்தவர்கள். பந்து செய்கிறவர், மட்டை செய்கிறவர், கேடி வேலை பார்த்தவர், புல்தரையைப் பராமரிப்பவர். பரிசுப் பணம் கிடையாது, வெள்ளிக் கொக்கி வைத்த சிவப்புத் தோல் பெல்ட் மட்டும். ஒரே நாளில் 36 குழி. குறைந்த தடவை அடித்து முடிக்கிறவருக்குத்தான் வெற்றி: வில்லி பார்க் 174 தடவை அடித்து முடித்து ஜெயித்தார், டாம் மாரிஸுக்கு 176 ஆனது. அந்த எட்டுப் பேரைப் பற்றி அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "பை தூக்குனவனுங்களாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

*

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். இடிந்த கதீட்ரல் வரை நடந்து போய் அதன் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள், ஊரே சின்னதுதான். டாம் மாரிஸின் மகன் டாமி அங்கே இருக்கிறார். 17 வயதில், 1868-ல், ஓப்பனை வென்றவர். 1870 வரை மூன்று வருடமும் தொடர்ந்து வென்றதால் விதிப்படி அந்தப் பெல்ட் அவருக்கே சொந்தமானது. கொடுக்க வேறு பரிசு இல்லாமல் 1871-ல் போட்டியே நடக்கவில்லை. 1872-ல் மறுபடி நடத்தினார்கள், அதையும் அவரே வென்றார்.

1875 செப்டம்பரில் அவர் கடற்கழிக்கு அக்கரையில் இருக்கிற நார்த் பெர்விக் ஊரில் ஆடிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று தந்தி வந்தது. படகில் கிளம்பினார். தாயும் போய், குழந்தையும் போய்விட்டது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவரும் இறந்தார், வயது 24. கல்லறையில் தொப்பியோடு, குனிந்து பந்தை அடிக்க நிற்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். அறுபது கோல்ஃப் சங்கங்கள் சேர்ந்து வைத்தது. அப்பா டாம் 1908 வரை இருந்தார், மகன் போய் 32 வருடத்துக்கு மேல். அவரும் அங்கேயேதான்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். வழக்கமாக அன்றைக்கு ஓல்டு கோர்ஸில் ஆட்டம் இருக்காது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடப்பார்கள், நாமும் அந்த மைதானத்திலேயே இருக்கிற ஸ்வில்கன் என்கிற சின்னக் கல்பாலம் வரை போய்வரலாம். காற்று பிய்த்து எடுக்கும், காதை மூடுகிற மாதிரி குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள்.