புதுப்பிப்பு: ஸ்டேஸ் ஓரத்தைத் துளைத்து வந்த பட்டைகள் சரியாகிவிட்டன

18ஆம் நூற்றாண்டுப் பாணி ஸ்டேஸில் (கார்செட் போல உடலை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு) விறைப்புக்குச் செருகிய கேபிள் டை பட்டைகள் (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்) கீழ் ஓரத்தைத் துளைத்து இடுப்பில் குத்துவதாகக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஓரத்தை மூடித் தைக்கும் ஓரப்பட்டியைத் தோலில் (லெதர்) போட்டுப் பார்த்தேன். நாலைந்து முறை அணிந்ததும் பட்டைகள் முட்டி அந்தத் தோலும் புடைத்தது. கைகொடுத்தது 'குழலை ஒடுக்கு, பட்டையைக் குறை' என்ற யோசனைதான். குழல் என்பது பட்டையைச் செருக இரு தையல்களுக்கு நடுவே விடும் இடம். 5 மி.மீ. பட்டைக்கு 8 மி.மீ. குழல் தைத்திருந்தேன், அந்த இடைவெளியில் பட்டை புரண்டு, உட்காரும்போதெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தையல் ஓட்டி 6 மி.மீ. ஆக்கினேன். இரு முனையிலும் 5 மி.மீ. காலியாக இருக்கும்படி பட்டைகளை வெட்டினேன். முனையை நகவெட்டியால் வளைவாக நறுக்கி, அரத்தால் தேய்த்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டினால் பிசிறு உருகி மழுங்கிவிடும்.

எதிர்பாராதது ஒன்று: இடுப்புக்குக் கீழே விரியும் மடல்களில் முனையில் தாராளமாக 1.5 செ.மீ. காலியாக விட்டேன், பட்டை எட்டாத நுனித்துணி சுருண்டு மேலே மடங்கியது. அங்கேயும் 5 மி.மீ. போதும். தோல் ஓரப்பட்டியைப் பிரிக்கவில்லை. மடல் வளைவுகளில் லினன் நாடாவைவிட நன்றாகப் படிகிறது.