கோத்தகிரி, கொடைக்கானல் சோலைகளில் பார்த்த ரோவ் வண்டு: ஒரே இனமா, வேறு வேறா?

கோத்தகிரி டீச்சர்

வணக்கம். மூன்று படங்கள் போட்டிருக்கிறேன். மூன்றிலும் கறுப்புத் தலை, ஆரஞ்சு மார்பு, நீலமாக மின்னும் குட்டிச் சிறகுறை (சிறகை மூடும் கெட்டி ஓடு), ஆரஞ்சு வயிறு, கறுப்பு வால்முனை. ரோவ் வண்டுகளில் நம் பக்கம் ஆசிட் பூச்சி என்று ஒன்றைச் சொல்வோமே, அதே ஜாடை.

முதல் படம் மலையடிவாரத்துக் கல்லாரில், தங்கை வீட்டு டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தது. இரண்டாவது கோத்தகிரி லாங்வுட் சோலைக்காட்டில், மழை விட்ட காலையில் பாதையோரச் சருகில் ஓடியது. மூன்றாவதைக் கொடைக்கானலில் வேலை பார்க்கும் தோழி அங்கே ஒரு சோலையோரத்தில் எடுத்து அனுப்பினாள்.

செயலியில் போட்டால் மூன்றையும் பேடரஸ் ஃபுஸ்கிபெஸ் என்கிறது. எனக்கு ஒப்பவில்லை. கல்லார் பூச்சிக்குச் சிறகுறை நீளம், பக்கங்கள் நேர். சோலைப் பூச்சிகள் இரண்டுக்கும் அது குட்டையாக, தோளில் குறுகிப் பின்னால் அகன்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளூர்ப் பூச்சிகளுக்குச் சுவரொட்டி செய்கிறார்கள், அதில் என்ன பெயர் எழுதுவது? பெரியவர்கள் ஒட்டிய தப்புப் பெயர் சுவரில் பத்து வருஷம் நிற்கும்.

வயல்வரப்பு

டீச்சர், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்வயலில் இது சர்வ சாதாரணம். புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும், நமக்கு நல்லது செய்கிற பூச்சி. அறுப்புக்குப் பிறகு விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும்போதுதான் தொல்லை. நிறம் அப்படியே ஒத்துப்போகிறதே, மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

பூச்சிப்பெட்டி

வயல்வரப்பு அண்ணா, நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பேடரஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏராளமானவை இதே சட்டையைத்தான் போட்டிருக்கின்றன. நான் விஷமுள்ளவன், தொடாதே என்று எல்லோரும் சேர்ந்து ஒரே போர்டு மாட்டியிருக்கிறார்கள். நிறம் பேரினம் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் உதவாது.

டீச்சர் சிறகுறையைக் கவனித்தது நல்ல கண். ஃபுஸ்கிபெஸ் நன்றாகப் பறக்கும். மடித்த சிறகு உள்ளே இருப்பதால் சிறகுறை நீண்டு தோள் அகன்றிருக்கும். கல்லார்ப் பூச்சியை அந்தப் பெயரில் வைத்துக்கொள்ளலாம். விளக்குக்கு வந்ததே, அதுவும் ஒரு சாட்சி. சோலைப் பூச்சிகளின் வடிவம் சிறகு குன்றிய இனங்களுக்கு உரியது. மலைக்காட்டுச் சருகிலேயே பிறந்து வளர்ந்து சாகிற ரோவ் வண்டுகளில், பறக்கும் திறனை இழந்த இனங்கள் உலகெங்கும் உண்டு.

இன்னொரு அடையாளமும் பாருங்கள். மேலிருந்து தெரியும் வயிற்றுக் கண்டங்களில் ஐந்தாவதன் பின்விளிம்பில், பறக்கும் இனங்களுக்கு வெள்ளையாக மெல்லிய மயிரோரம் ஒன்று இருக்கும். பறக்காதவற்றில் பெரும்பாலும் இருக்காது. நல்ல லென்ஸ் போதும். ஆனால் ஒரே இனத்திலேயே நீளச் சிறகும் குட்டைச் சிறகும் கலந்து வருவது ரோவ் வண்டுகளில் உண்டு. அதனால் சிறகு வலுவான துப்பு, தீர்ப்பு அல்ல.

அடுத்தது, கோத்தகிரியும் கொடைக்கானலும் ஒன்றா? இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத் தாழ்நிலம். சிறகுள்ள சிரிப்பான் குருவியே நீலகிரியில் ஓர் இனம், பழனி மலையில் வேறோர் இனம். பறக்கத் தெரியாத ஏழெட்டு மில்லிமீட்டர் வண்டு சூடும் வறட்சியும் தாண்டி அங்கிருந்து இங்கே வந்துபோகும் என்று நான் நம்ப மாட்டேன். ஆனாலும் பிரிந்து கிடப்பதாலேயே வேறு இனம் ஆகிவிடாது. அதைச் சொல்ல ஆண் வண்டு வேண்டும்.

ஆணை அடையாளம் காண வயிற்றின் அடிப்பக்கம் பாருங்கள். கடைசிக்குச் சற்று முன்னால் உள்ள தகட்டில் நடுவே ஆழமான பிளவு இருந்தால் ஆண். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, கிளிசரினில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அண்ணன் தம்பி இனங்கள் பிரிவது பெரும்பாலும் அங்கேதான். மால்கம் கேமரன் என்ற கடற்படை மருத்துவர் 1930 முதல் 1939 வரை இந்திய ரோவ் வண்டுகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதினார். பேடரஸ் வருவது 1931-இல் வந்த இரண்டாம் தொகுதியில். நல்ல உழைப்பு, ஆனால் அவருடைய விவரணை பெரும்பாலும் நிறம், புள்ளி, நீள அகலம் என்றே போகும். அதனால் இன்றைக்கும் சந்தேகம் வந்தால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிற அவருடைய மூல மாதிரிகளோடு (பெயர் வைக்க ஆதாரமாக எடுத்த வண்டுகள்) ஒப்பிட வேண்டியிருக்கிறது. செயலிக்கு அதெல்லாம் தெரியாது, அதிகம் பார்த்த பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

கோத்தகிரி டீச்சர்

ரொம்ப நன்றி சார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லார்ப் பூச்சிக்கு அந்த வெள்ளை ஓரம் கோடு போட்ட மாதிரித் தெரிகிறது, லாங்வுட் பூச்சிக்கு இல்லை. தோழியின் படம் கலங்கல். அடுத்த முறை சோலையிலிருந்து ஓர் ஆணைப் பிடித்து வந்து பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் காட்டட்டுமா?

பூச்சிப்பெட்டி

வேண்டாம் டீச்சர். லாங்வுட் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு வண்டுகூட எடுக்கக் கூடாது. முறைப்படி செய்ய விருப்பம் என்றால், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கோழிக்கோடு மையத்துக்குப் படங்களோடு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இது கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் வினை. உடல் நீரில் இருக்கும் பேடரின் என்ற நஞ்சு தோலில் பட்டால் உடனே எரியாது, மறுநாள் சிவந்து அப்புறம் கொப்புளம் போடும். செத்துக் காய்ந்த வண்டிலும் அந்த நஞ்சு இருக்கும். (அதைத் தயாரிப்பது வண்டு அல்ல, பெண் வண்டின் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா. தாய் முட்டையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறாள். எட்டாம் வகுப்புக்கு இதுவே நல்ல பாடம்.) மேலே ஏறினால் ஊதி விடுங்கள், பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வயல்வரப்பு

ஊதி விடுவதுதான் சரி. நாற்று நடும்போது கழுத்தில் ஏறியதைத் தட்டிவிட்டு அவதிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். சரி, அப்போ சுவரொட்டியில் என்னதான் எழுதுவது?

பூச்சிப்பெட்டி

கல்லார்ப் படத்துக்குக் கீழே பேடரஸ் ஃபுஸ்கிபெஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சோலைப் படங்களுக்குப் பேடரஸ் மட்டும். ஊர், உயரம், தேதி, சருகா விளக்கா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கொடைக்கானல் தோழியிடம் அடுத்த தடவை பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் கேட்டு வையுங்கள், வயிற்று நுனி தெளிவாகத் தெரிகிற மாதிரி.